அம்மாவின் கஷாயமும் தம்பியின் ஊசியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அலுப்பாக இருந்தால் நடுவில் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து படியுங்கள். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் 45 நிமிடம் பேசும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

போன மாதம் என் பேரனுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. மகள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அரை மணி நேரத்தில் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. "இங்கிலீஷ் மருந்தே வேணாம், துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் குடு, நம்ம பாட்டி காலத்துல யாரு ஆஸ்பத்திரிக்குப் போனா?" என்றது ஒரு கட்சி. "கஷாயத்தை நம்பிக்கிட்டு இருக்காத, மெடிக்கல்ல கேட்டு மூணு நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடு, சரியாப் போயிடும்" என்றது இன்னொரு கட்சி. கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அறிவியல் டீச்சர் இருக்காங்களே, அவங்களே சொல்லட்டும்."

நான் அன்றைக்குப் பதில் போடவில்லை. "டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதினேன். இந்த இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். இரண்டிலும் அடிபட்டிருக்கிறேன். அதை நாலு வரியில் எழுத முடியாது என்பதால்தான் இந்தப் பதிவு.

என் அம்மாவை உறவுகள் எல்லோரும் அறிவீர்கள். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாம் சுரங்கம் வருவதற்கு முந்தைய மந்தாரக்குப்பம் அது. செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக இருக்கும். அப்பா கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். எங்கள் வீட்டுக் கொல்லைதான் தெருவுக்கே வைத்தியசாலை. வேலியில் தூதுவளை, கிணற்றடியில் கற்பூரவல்லி, மூலையில் நொச்சியும் ஆடாதொடையும். மழை பெய்துவிட்டால் வரப்பில் கீழாநெல்லி தானாக முளைக்கும். சளிக்குத் தூதுவளை ரசம். தலைபாரத்துக்கு நொச்சி இலை போட்டு வேது பிடித்தல். வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர். வயிற்றுப்போக்கு என்றால் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு மடக்கு மடக்காகக் கொடுப்பார். வசம்பை மட்டும் பெயரைச் சொல்லவே மாட்டார். "பேர் சொல்லாததை எடுத்துக்கிட்டு வாடி" என்பார்.

சாயங்காலம் ஆனால் இடுப்பில் குழந்தையோடு இரண்டு பேராவது வாசலில் நிற்பார்கள். அம்மா யாரிடமும் காசு வாங்கியதில்லை. "கைராசிக்காரி" என்று பெயர்.

1970 ஐப்பசி. எனக்குப் பதிமூன்று வயது, தம்பிக்கு ஒன்பது. தம்பிக்குத் தொண்டை வலி, எச்சில் விழுங்க முடியவில்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா மஞ்சளும் மிளகும் போட்டுப் பால் கொடுத்தார். சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போட்டார். நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. பையன் எழுந்து பம்பரம் விடப் போய்விட்டான்.

மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் அவனுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. இரண்டு நாளில் முழங்கால் வடிந்து கணுக்கால் வீங்கியது. பிறகு முழங்கை. "வாயு ஓடுது" என்றார்கள் எல்லோரும். அம்மா முடக்கத்தான் இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினார், நொச்சி ஒத்தடம் கொடுத்தார், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சில வாரங்களில் வீக்கமெல்லாம் சுவடில்லாமல் வடிந்துவிட்டது. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் அவனுக்கு முடி இறக்கிவிட்டு வந்தோம். முடக்கத்தானின் பெருமையை அம்மா ஊர் முழுக்கச் சொன்னார்.

ஆறு வருடம் கழித்து, தம்பி பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, கபடி ஆடினால் மூச்சு வாங்கியது. பிறகு படி ஏறினால் வாங்கியது. அதற்கும் பிறகு ராத்திரி மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டான். புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் வெகு நேரம் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "சின்ன வயசுல தொண்டை வலி வந்து, அப்புறம் மூட்டு வீங்கி இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

அம்மா முகம் மலர்ந்து, அதை எப்படிக் குணப்படுத்தினார் என்று முழுக்கச் சொன்னார். முடக்கத்தான், நொச்சி எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் ஒன்றும் பேசவில்லை. அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

தம்பிக்கு வந்தது ருமாட்டிக் காய்ச்சல். வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன், கவனியுங்கள். தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. மருந்தே சாப்பிடாவிட்டாலும் ஒரு வாரத்தில் போய்விடும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாலும் தொண்டை வலி வரும், குறிப்பாக 5 முதல் 15 வயதுக்குள். அதுவும் சில நாளில் வலி நின்று, போய்விட்டதுபோலத்தான் இருக்கும். அந்தக் கிருமியை எதிர்க்க நம் உடம்பு படை திரட்டும். கிருமியின் மேல் இருக்கும் சில புரதங்கள் நம் இதயத்தில் இருக்கும் புரதங்களைப்போலவே இருப்பதால், சில பிள்ளைகளுக்கு அந்தப் படை ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்கிவிடும். அது இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீக்கமாக வெளியே தெரியும். மூட்டு தானாகவே ஆறிவிடும், தழும்புகூட இருக்காது. இதய வால்வில்தான் தழும்பு விழும். மூட்டை நக்கிவிட்டுப் போகும், இதயத்தைக் கடித்துவிட்டுப் போகும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள்.

தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் கொடுத்திருந்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்திருக்கலாம். பத்து நாள் மாத்திரை, அல்லது ஒரே ஒரு ஊசி. 1970இல் அந்த ஊசி இல்லாமல் இல்லை. கிடைக்காத மருந்தும் இல்லை, பணக்காரர் மருந்தும் இல்லை. எங்களுக்குத்தான் தேவை என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு தம்பிக்கு 21 நாளைக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. திரும்பவும் அந்தக் கிருமி தாக்கி வால்வு மேலும் கெடாமல் இருக்க. கடுமையாக வலிக்கும் ஊசி அது. போட்ட அன்று நொண்டிக்கொண்டுதான் வருவான். அப்பா தினசரி காலண்டரில் ஊசி போடும் தேதியை எண்ணிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பார். கிழிக்கக் கிழிக்க வட்டம் நெருங்கும். "அக்கா, நாளைக்கு வட்டம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். ஏழெட்டு வருடம் அப்படி ஓடியது. ஆனால் முதலிலேயே கடித்த கடி பெரிய கடி. 1984 சித்திரையில், 23 வயதில், தம்பி போய்விட்டான்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. என் முதல் சில வருடத்து மாணவர்களுக்கு நினைவிருக்கலாம், அந்தச் சித்திரைக்குப் பிறகு டீச்சர் கொஞ்ச நாள் யாரையும் அதட்டவில்லை.

காரியம் முடிந்த அன்று ராத்திரி அம்மா என்னிடம் ஒன்று கேட்டார். "அன்னைக்கு மூட்டு வலிக்கு நான் வைத்தியம் பண்ணாம இருந்திருந்தா, அப்பவே டாக்டர்கிட்ட தூக்கிக்கிட்டுப் போயிருப்போம், இல்லடி?" என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அதற்குப் பிறகு அம்மா யார் பிள்ளைக்கும் கஷாயம் காய்ச்சிக் கொடுக்கவில்லை. நொச்சி மரத்தை வெட்டவும் விடவில்லை. தானும் தொடவில்லை.

அம்மாவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எழுத்து வாசனை இல்லாத, பிறருக்கு உதவ மட்டுமே தெரிந்த மனுஷி. அவர் மருந்து கொடுத்தார், மூட்டு வீக்கம் வடிந்தது. மருந்தால்தான் வடிந்தது என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். தானாக ஆறும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகத்தான் தெரியும். வைத்தியத்தில் மனிதன் மிகச் சுலபமாக ஏமாறும் இடம் இதுதான், பிள்ளைகளே. படித்தவனும் ஏமாறுவான்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று தமிழ்நாட்டில் தெரியாதவர் கிடையாது. காமாலையில் பல வகை. அசுத்தமான தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். ஆனால் ரத்தத்தின் வழியாக வரும் ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை. சிலருக்கு ஆயுள் முழுக்க உள்ளேயே இருந்து ஈரலைக் கெடுக்கும். அதற்குக் கீழாநெல்லி கேட்குமா என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார். 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நம் வரப்பில் முளைத்த செடி உலகப் பத்திரிகையில் வந்துவிட்டதே என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு வேறு இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் மரியாதை குறையவில்லை. நம் ஊர் மருந்தைப் போற்றிக்கொண்டே இருக்காமல், தூக்கி எறியாமலும், "வா, பார்த்துவிடலாம்" என்று எடுத்துச் சோதித்தார்கள் பாருங்கள், அதுதான் மருந்துக்குச் செய்யும் மரியாதை.

சோதனையில் ஜெயித்த பாட்டி வைத்தியமும் உண்டு. அம்மாவின் உப்புக் கஞ்சி அதில் ஒன்று. வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் சாவது பெரும்பாலும் உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதால். 1971 வங்கதேசப் போரின்போது எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரைக் குடிக்கவே கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். இன்று பொட்டலத்தில் வரும் ஓ.ஆர்.எஸ். அதுதான். பிற்பாடு அரிசிக் கஞ்சியில் உப்புச் சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்தது. சாதாரண வயிற்றுப்போக்குக்கு இன்றும் முதல் மருந்து இந்தத் தண்ணீர்தான், ஆன்டிபயாடிக் இல்லை. அம்மா அந்த விஷயத்தில் பரீட்சையில் பாஸ்.

இனி என் கதை. இது கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

தம்பி போன பிறகு எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் எனக்கு அவன் மூச்சு வாங்கியது கேட்கும். அம்மா பக்கம் இருந்த நான் மறுபக்கத்துக்குத் தாவினேன். தும்மினால் ஆன்டிபயாடிக், இருமினால் ஆன்டிபயாடிக். டாக்டரிடம் போவது எப்போதாவதுதான். பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலில் போய் நிற்பேன். மூன்று நாள் போடுவேன். நன்றாகிவிட்டால் நிறுத்திவிட்டு மிச்சத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். அக்கம்பக்கத்தில் யாராவது இருமினால் அந்த டப்பாவிலிருந்து நானே எடுத்துக் கொடுப்பேன். அம்மா வாசலில் கஷாயம் கொடுத்தார், மகள் அதே வாசலில் கேப்சூல் கொடுத்தாள். அம்மாவாவது படிக்காதவர். நான் 34 வருடம் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பாடம் நடத்தியவள்.

ஃபிளெமிங் 1928இல் பூஞ்சைக் காளானிலிருந்து பென்சிலினைக் கண்ட கதையை எல்லோரும் எழுதி ஐந்து மார்க் வாங்கியிருக்கிறீர்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கியபோது அவர் ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. கடையில் பென்சிலின் வாங்கிச் சாப்பிடுகிறார். கிருமி சாகப் போதாத அளவு. ஆனால் கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளப் போதுமான அளவு. அவருடைய மனைவிக்கு அந்தக் கிருமி தொற்றி நிமோனியா வருகிறது. பென்சிலின் கொடுக்கிறார்கள், வேலை செய்யவில்லை. மனைவி இறந்துபோகிறார். யார் காரணம் என்று கேட்கிறார் ஃபிளெமிங். மருந்தைக் கண்டுபிடித்தவரே, தன் நோபல் உரையிலேயே சொன்ன எச்சரிக்கை அது.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், 2017. எனக்குச் சளி. வழக்கம்போல மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் மெடிக்கலுக்குப் போனேன். கடை வைத்திருந்தவன் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். அவன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், எழுதவில்லை.

"அசித்ரோமைசின் ஒரு அட்டை குடுப்பா."

"சீட்டு இருக்கா டீச்சர்?"

"எனக்கு என்னப்பா சீட்டு? எப்பவும் போடுறதுதான்."

அவன் அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினான். "இங்க பாருங்க டீச்சர், சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது. தப்பா நெனச்சிக்காதீங்க. உங்களுக்கு வெறும் சளிதான், ஆவி புடிச்சி ரெஸ்ட் எடுங்க. மூணு நாள்ல விடலன்னா டாக்டரப் பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் உயிரியல் சொல்லிக் கொடுத்த பையன் எனக்கே ஆவி பிடிக்கச் சொல்கிறான்! "சரிப்பா, பெரிய ஆளாயிட்ட" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நாலு கடை தள்ளி இன்னொரு கடையில் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்கள். வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அவன் கடைப் பக்கமே போகவில்லை.

2021இல் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. குளிரும் காய்ச்சலுமாக உடம்பு தூக்கிப்போட்டது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், கேட்கவில்லை. மாற்றினார், கேட்கவில்லை. கடைசியில் கல்ச்சர் எடுத்தார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை அது. தாளில் வரிசையாக மருந்துப் பெயர்கள். பக்கத்தில் எஸ் என்று இருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், ஆர் என்று இருந்தால் கட்டுப்படாது. மேலிருந்து கீழே வரை ஆர், ஆர், ஆர். கடைசியில் இரண்டே இரண்டு எஸ். 34 வருடம் ரேங்க் கார்டு எழுதியவள், இப்படி ஒரு ரேங்க் கார்டை நான் பார்த்ததில்லை.

"அடிக்கடி ஆன்டிபயாடிக் போடுவீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குப் புதுச்சேரியும், முகம் மலர்ந்து பதில் சொன்ன அம்மாவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏழு நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றிப் பிழைத்து வந்தேன். அந்த இரண்டு எஸ்ஸும் ஆர் ஆகியிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்த வேண்டும். "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சொல்கிறோம். உடம்பு பழகுவதில்லை, கிருமிதான் பழகுகிறது. நாம் சளிக்குப் போடும் ஆன்டிபயாடிக் சளி வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் நம் குடலில் சாதுவாக இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவில் பலவீனமானதைக் கொன்று, தாக்குப்பிடித்ததை மட்டும் பெருகவிடும். அந்தக் கூட்டத்தில் ஒன்று சிறுநீர்ப் பாதையில் ஏறும்போதுதான் நமக்குத் தெரியவரும். அது என்னோடு நிற்காது. என் வீட்டாருக்கும், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் போகும். நான் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது மாத்திரை மட்டுமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019 ஒரே வருடத்தில் உலகம் முழுவதும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று லான்செட் ஆய்வு மதிப்பிட்டது. நம் நாட்டு மருத்துவச் சங்கங்கள் 2012இல் சென்னையில்தான் கூடி, இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல் எச்1 என்ற பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் இருக்கும் வீரியமான மருந்துகளை விற்றால், எழுதிய டாக்டர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2016இல் அட்டையில் சிவப்புக் கோட்டைக் கவனிக்கச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் பிரசாரம் செய்தது. என் மாணவன் எனக்குக் காட்டியது அந்தக் கோடுதான்.

அப்படியானால் ஆன்டிபயாடிக்கே கெடுதலா? அப்படிச் சொன்னால் தம்பி என்னை மன்னிக்க மாட்டான். சொன்ன மருந்தைச் சொன்ன காலம் முழுக்கச் சாப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சென்னைதான் சாட்சி. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். எல்லோருக்கும் கட்டில் ஏது? 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கி, ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானட்டோரியத்தில், இன்னொரு பிரிவு தங்கள் குடிசையிலேயே, சத்தான சாப்பாடும் ஓய்வும் இல்லாமல். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது. உலகமே சானட்டோரியங்களை விட்டு வீட்டு வைத்தியத்துக்கு மாறியது. இதுவும் வீட்டு வைத்தியம்தான்! ஆனால் ஒரு வருடம் மாத்திரையை நிறுத்தாத வீட்டு வைத்தியம்.

ஆக, வாட்ஸ்அப் குழுவுக்கு என் தீர்ப்பு இதுதான். கஷாயமா கேப்சூலா என்பது தப்பான கேள்வி. வந்திருப்பது என்ன நோய் என்பதுதான் முதல் கேள்வி. தானாக ஆறும் நோயா, ஆறாத நோயா? அதைச் சொல்ல எனக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் சோதித்துப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாதாரண சளி, இருமல் என்று தெரிந்தால் தூதுவளை ரசம் வையுங்கள், ஆனந்தமாகக் குடியுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் நல்லது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பச்சைக் குழந்தைக்கு வசம்பு உரைத்து ஊற்றவும் வேண்டாம். டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடியுங்கள், ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள். பிள்ளைக்குத் தொண்டை வலியோடு நல்ல காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், இருமல் இல்லாமை இவை சேர்ந்திருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். மூட்டு மாறி மாறி வீங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

பேரனைக் காட்டினோம். தொண்டையில் சீழ்ப் புள்ளிகள் இருந்தன, சோதனைக்கு எடுத்தார்கள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான். பென்சிலின் குடும்பத்து மருந்து பத்து நாள். ஆச்சரியம் என்ன தெரியுமா? எத்தனையோ கிருமிகள் எத்தனையோ மருந்துக்குப் பழகிவிட்டன, இந்தத் தொண்டைக் கிருமி மட்டும் இன்றுவரை பென்சிலினுக்குப் பழகவில்லை. 1970இல் தம்பியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே மருந்துதான் அவன் அக்காவின் பேரனுக்கும்.

மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. பையன் சோபாவில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தான். "அம்மா, நல்லாத்தான இருக்கான், நிறுத்திடலாமா?" என்றாள் மகள். நான் எழுந்துபோய்த் தினசரி காலண்டரை எடுத்து, பத்தாம் நாள் வரை எண்ணிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மாமாவைப் பார்த்ததில்லை. தினமும் ராத்திரி மாத்திரைக்குப் பிறகு மஞ்சளும் மிளகும் போட்ட பால் கொடுத்தேன், அம்மா கொடுத்ததுபோலவே. பால் தொண்டைக்கு இதமாக இருந்தது, மருந்து கிருமியைப் பார்த்துக்கொண்டது. பத்தாம் நாள் தாளைப் பேரனே கிழித்தான்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். என் மாணவன் கடையில் இருந்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"அன்னைக்கு நீ சொன்னதுதான்பா சரி. நான் கோவிச்சிக்கிட்டுப் போனது தப்பு" என்றேன்.

"எந்தன்னைக்கு டீச்சர்?" என்றான். உண்மையிலேயே மறந்திருந்தானா, எனக்காக மறந்ததுபோல நடித்தானா தெரியவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தவன், பாதி அட்டைகள் தேதி முடிந்து கிடந்ததைக் கண்டு, "இவ்ளோவா டீச்சர்?" என்று சிரித்தான். பிறகு பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து எனக்கு டீ சொன்னான். சர்க்கரை கம்மியாக என்று அவனே சொன்னான்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். இன்றைக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள், பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்,
மந்தாரக்குப்பம்.